கைநாட்டுப் படிவமும் காம்போசிட் கணக்கும்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பள்ளி ஆபீசுக்கு வந்து சேர்ந்ததும் நான் முதலில் பார்த்தது, வாசல்படி ஓரமாக இறக்கி வைத்திருந்த ஒரு மீன் கூடை. மேலே ஈரச் சாக்கு போர்த்தி, அதன் நாலு மூலைகளையும் உள்ளே செருகியிருந்தார்கள். கூடைக்காரப் பெண்மணி நாலடி தள்ளி அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் ஒரு வரியின்மேல் விரலை வைத்திருந்தார். அந்த வரியைக் காட்டிக்கொடுத்துவிட்டு மகள் வகுப்புக்குப் போயிருக்கிறாள். நான் வரும்வரை விரலை எடுக்கவில்லை.

"இது எம் பொண்ணு பேருதானே சார்?"

ஆமாம், கஸ்தூரி என்றேன்.

"பக்கத்துல இன்னா எய்திக்கீது?"

படித்துச் சொன்னேன். ஜெனரல் கணக்கு.

"அதான் தப்பு" என்றார். "அவ படிக்கிறது அது இல்ல."

இது நடந்தது ஐம்பதுகளின் முற்பகுதியில், திருவொற்றியூரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் அங்கே குமாஸ்தா. இதை இப்போது எழுதக் காரணம், நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் கழித்து அதே ஆபீசுக்கு வந்திருக்கும் ஓர் இளைஞர். எல்லா மாணவர்களுக்கும் ஒரே கணக்கு என்று அரசாங்கம் மாற்றியபின், பழைய பதிவேடுகளைக் கட்டி ஒதுக்கும் வேலை அவரிடம் வந்தது. அப்போது அவர் கவனித்த ஒரு விஷயத்தை என் வீட்டுக்கே வந்து கேட்டார். நாலாம் பாரப் படிவங்களில் ஒவ்வொரு பெற்றோரும் ஒவ்வொரு கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கைநாட்டு வைத்த படிவங்களில் மட்டும் எட்டாவது கட்டத்தில் ஒரே ஆளின் எழுத்து இருக்கிறதே, அது யார் என்றார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வீடு ராயபுரம், மாதா கோயிலுக்குப் பின்தெரு. அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச்சு ஓட்டினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் ஒரு பத்திரிகை ஆபீசில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். யுத்த காலம். காகிதத் தட்டுப்பாடு வந்து பக்கங்கள் குறைந்தன, ஆட்களும் குறைந்தார்கள். அங்கே நான் கற்றது ஒன்றுதான்: வரியை அர்த்தத்துக்காகப் படிக்காதே, எழுத்துக்காகப் படி. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் பள்ளி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா மூன்று நாளில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். எந்தப் பதிவேட்டுக்கு எந்த மை, எந்தக் கடிதம் எத்தனை பிரதி, பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் எப்படிப் போடுவது. மூன்றாம் நாள் மாலையில் சொன்னதுதான் எட்டாவது கட்டம்.

அந்தக் கட்டம் என்ன என்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். நாலாம் பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், கணக்கு இரண்டாகப் பிரியும். ஒன்று ஜெனரல் கணக்கு. வட்டி, லாப நஷ்டம், பரப்பளவு, அன்றாடத்துக்கு வேண்டியவை. மற்றது காம்போசிட் கணக்கு. அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் சேர்ந்தது. இரண்டில் எதை எழுதினாலும் எஸ்.எஸ்.எல்.சி. தேறலாம். ஆனால் காம்போசிட் எழுதாதவருக்குக் கல்லூரியில் கணக்கும் பௌதிகமும் கிடையாது. பதினான்கு வயதில் ஒரு கட்டத்தில் எழுதும் ஒரு சொல் இதைத் தீர்மானித்துவிடும்.

நாலாம் பாரத்தில் சேரும்போது பாடத்தைக் குறித்துத் தரும் படிவம் வீட்டுக்குப் போகும். எழுதத் தெரிந்த பெற்றோர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்கள் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் அந்த இரண்டு மூன்று காலைகள் ஆபீசில் நிற்க இடமிருக்காது. தீப்பெட்டித் தொழிற்சாலையின் சங்கு ஊதுவதற்குள் போக வேண்டியவர்கள், துறைமுகத்தில் முறை தவறிப்போகும் என்று தவிப்பவர்கள், கூடையை வெயிலில் இறக்கிவிட்டு வந்திருக்கும் பெண்கள். அவர்களை நிறுத்தி வைத்துப் பாடம் விளக்குவது கொடுமை என்று பழைய குமாஸ்தா நினைத்தார். அதனால் விரலில் மையைத் தடவி, படிவத்தின் அடியில் ரேகையை வாங்கிக்கொண்டு உடனே அனுப்பிவிடுவார். எட்டாவது கட்டத்தை மத்தியானம் சாவகாசமாக அவரே நிரப்புவார். எனக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்.

"எதைப் போடறது?" என்று கேட்டேன்.

"பாத்துப் போடுங்க" என்றார்.

நான் பார்த்தது ஐந்தாவது கட்டத்தை. அது தகப்பனார் தொழில். மீன்பிடி, கூலி, சுமை தூக்குதல், தொழிற்சாலை என்றால் ஜெனரல். ரயில்வே, ஆசிரியர், கடை, கணக்கர் என்றால் காம்போசிட். இப்படி ஒரு விதியை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. முந்தைய ஆண்டுப் படிவங்களைப் புரட்டினேன், அப்படித்தான் இருந்தது. நானும் அப்படியே எழுதினேன். என் விதிப்படி பார்த்தால் வின்ச்சு ஓட்டியவரின் மகனான எனக்கும் ஜெனரல்தான். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எப்போதாவது ஒருவர் கேட்பார். எண்ணூர்க் கழிமுகப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், ரெண்டு கணக்குன்னு புள்ள சொல்றானே, ரெண்டுக்கும் இன்னா வித்யாசம் என்றார். பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஒன்று கஷ்டம், ஒன்று சுலபம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "தெரிஞ்சே யாரு சாமி கஷ்டத்தக் கேட்டு வாங்குவான், சுலபத்தையே போடு" என்றார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். எங்கள் தலைமை ஆசிரியரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவரை ராஜரத்தினம் சார் என்றே எழுதுகிறேன். மெலிந்த மனிதர், குரல் உயராது. முக்கியமான பேச்சு என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் முகம் மேலே தெரியும்படி வைப்பார். காகிதத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் அடியில் சுண்டுவிரல் நகத்தை நகர்த்துவார். இரண்டு முறை படிப்பார். பெற்றோர் நின்றுகொண்டிருந்தால் அவரும் நிற்பார். கூடைக்காரப் பெண்கள் நாற்காலியில் உட்காரத் தயங்குவார்கள். அவர் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து வேறு வழியில்லாமல் உட்காருவார்கள். யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "எழுத்துல இருக்கா?"

அவருக்கு ஒரு கவலை இருந்தது. ஃபெயில் ஆன எஸ்.எஸ்.எல்.சி.க்காரனுக்கு இந்தப் பக்கத்தில் மதிப்பு கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவனும் அவனும் தொழிற்சாலை வாசலில் ஒன்றுதான். பாஸ் என்றால் டைம் ஆபீசில் வருகைக் கணக்கு எழுத உட்காரலாம். குப்பத்துப் பிள்ளைகள் எப்படியாவது அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். ஜெனரல் கணக்கில் பிள்ளைகள் அதிகம் இருப்பதை அவர் அறிவார். அதை ஒரு பாதுகாப்பாகவே கருதினார். அந்த எட்டாவது கட்டம் எப்போது, யார் கையால் நிரம்புகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவரிடம் போகும்போது எல்லாப் படிவங்களும் நிரம்பியிருக்கும்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

பலகையில் இருந்தது நாமினல் ரோல். ஆறாம் பாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதப்போகிறவர்களின் பட்டியல். பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தால் சொல்வதற்காக வெள்ளிக்கிழமை ஒட்டினோம். புதன்கிழமை அது மேல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நாலாம் பாரத்தில் அனுப்பிய பாடப் பட்டியலும் இதுவும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. வித்தியாசம் இருந்தால் காரணம் எழுதி, அசல் படிவத்தையும் இணைக்க வேண்டும்.

தேசம்மா, அதுதான் அந்தப் பெண்மணியின் பெயர், சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. பதிவேட்டில் ஜெனரல் என்று இருக்கிற பெண் எப்படி இரண்டரை வருஷம் காம்போசிட் படித்திருக்க முடியும்? கணக்கு ஆசிரியர் கோதண்டபாணியைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையில் சாக்பீஸ் தூளோடு வந்தார். பட்டியலைப் பார்த்தார்.

"கஸ்தூரி ஜெனரலா?" என்றார். "அப்ப காம்போசிட்ல எனக்கு யாருமே இல்லன்னு எழுதிக்குங்க. கிளாஸை மூடிட்டு நானும் வீட்டுக்குப் போறேன்."

அவர் சொல்லச் சொல்ல விஷயம் தெளிவானது. நாலாம் பாரம் தொடங்கிய வாரத்தில் அவர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டு, முடித்தவர்கள் என்னோடு ஷெட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். காம்போசிட் வகுப்பு பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் நடக்கும். பட்டியல் என்று ஒன்று இருப்பதை அவர் பொருட்படுத்துகிறவர் இல்லை. கஸ்தூரி மூன்றாவதாக முடித்து எழுந்து போயிருக்கிறாள். மறுநாள் ஆபீசிலிருந்து ஒருவர் பட்டியலோடு வந்து பெயர்களைப் படித்தார். ஷெட்டில் இருந்த நாலு பிள்ளைகள் தங்கள் பெயர் ஜெனரலில் இருக்கிறது என்று கேட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு பழைய அறைக்குத் திரும்பிப் போனார்கள். கஸ்தூரி அன்று பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல். அவள் பெயர் வாசிக்கப்பட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதும் அவள் நேரே ஷெட்டுக்கே போயிருக்கிறாள்.

பட்டியலோடு போய்ப் பெயர்களைப் படித்த ஆள் நான்தான். அந்த நாலு பேர் எழுந்து போனது எனக்கு நினைவிருந்தது. ஒருத்தன் வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

பிறகு ஏன் தெரியவில்லை? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பள்ளி மதிப்பெண்களுக்குக் கணக்கு என்று ஒரே ஒரு பத்திதான். கோதண்டபாணி ஒரு தாள் தருவார், ஜெனரல் கணக்கு ஆசிரியர் ஒரு தாள் தருவார். நான் வரிசை எண்ணைப் பார்த்து மதிப்பெண்ணை ஏற்றுவேன். தாளின் தலைப்பைப் படித்ததில்லை. ஒவ்வொரு பருவத்திலும் அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைப் பிழையில்லாமல் ஏற்றியிருக்கிறேன். ஓர் எண்கூடத் தவறில்லை.

பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில் நான்கு பேர் இருந்தோம். அவர், தேசம்மா, கோதண்டபாணி, நான். கஸ்தூரியைப் பிறகு அழைத்தார்கள். நான் நாலாம் பாரப் படிவக் கட்டை எடுத்துவந்து அவளுடையதை மேஜையில் வைத்தேன். ஐந்தாவது கட்டத்தில் மீன்பிடி. எட்டாவது கட்டத்தில் ஜெனரல். அடியில் தேசம்மாவின் பெருவிரல்.

ராஜரத்தினம் சார் படிவத்தை நகத்தால் தடவி இரண்டு முறை படித்தார். பிறகு தேசம்மாவிடம் மெதுவாக விளக்கினார். உங்கள் கைநாட்டு இருக்கிறது, பாடம் எழுதியிருக்கிறது, அரசாங்கத்துக்கு இதுதான் சாட்சி. இப்போது மனசு மாறினோம் என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஐந்தாம் பாரத்தோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது. இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது, ஜெனரல் கணக்கு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆசிரியரை வைத்து அவள் படிக்க நானே ஏற்பாடு செய்கிறேன், நிச்சயம் தேறுவாள், தேறினால் வேலை கிடைக்கும். இதையெல்லாம் அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

தேசம்மா முழுவதையும் கேட்டார்.

"பாஸாவுறதுக்கு நீ வழி சொல்ற சார், அது எனக்குப் புரியுது. அவ கேக்கறது அது இல்லியே. வஞ்சிரத்தக் குடுத்துட்டு வந்து நிக்கிறா, நீ காரப்பொடி மீனுக்குக் கணக்குப் போட்டுக்கினு கீறே."

கோதண்டபாணி சிரித்துவிட்டுத் தலைமை ஆசிரியரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ராஜரத்தினம் சார் சிரிக்கவில்லை. கைநாட்டு உங்களுடையதுதானே என்று மறுபடி கேட்டார்.

"என்துதான். இல்லன்னு சொல்லலியே. நா வெரல வச்சப்போ அந்த எடம் காலியா இருந்துச்சு. மீனு கெட்டுப்பூடும், நீ போம்மான்னு இவருதான் சொன்னாரு." என்னைக் காட்டினார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "நல்லதுக்குதான் சொன்னாரு. ஆனா காலியாத்தான் இருந்துச்சு."

அப்போது கஸ்தூரி உள்ளே வந்தாள். உயரமான பெண். தாவணியின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். தலைமை ஆசிரியர் அவளிடம் ஒன்றுதான் கேட்டார், மேலே என்ன படிக்க ஆசை என்று.

"கணக்கு சார்" என்றாள்.

கணக்குப் படித்து?

"கணக்குதான் சார்."

அவளை வகுப்புக்கு அனுப்பினார்.

பிறகு கடிகாரத்தைக் கழற்றினார். மேஜையில் வைத்தார். பத்து இருபத்தைந்து. படிவத்தை என் பக்கம் திருப்பி எட்டாவது கட்டத்தின் அடியில் நகத்தை வைத்தார்.

"இந்த எழுத்து யாருது?"

"என்னுது சார்."

"அந்த அம்மா சொல்றது சரியா? காலியா இருந்ததா?"

எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். பெற்றோரின் ரேகை வாங்கிய அரசாங்கப் படிவத்தில் பின்னால் எழுதியது என்று ஒப்புக்கொண்டால் வேலை போகலாம். அவருக்கும் அதே அளவு ஆபத்து இருந்தது. அந்த ஆண்டு அவர் பொறுப்புத் தலைமை ஆசிரியர்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வருகை ஜனவரியில் இருந்தது. தேசம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து வாசலில் இருந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கு காய்ந்துவிட்டது.

"ஆமா சார்" என்றேன்.

"எழுத்துல தர முடியுமா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மூன்று வாக்கியம். இந்த மாணவியின் படிவத்தில் எட்டாவது கட்டத்தைப் பெற்றோர் நிரப்பவில்லை. கைநாட்டுப் பெற்ற பின் என்னால் கவனக்குறைவாக நிரப்பப்பட்டது. மாணவி நாலாம் பாரம் முதல் காம்போசிட் கணக்கே படித்து வருகிறார். தேதி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினேன். ஒரு முறை படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது நகம் ஒரு சொல்லின் அடியில் நின்றது.

"கவனக்குறைவு" என்று படித்தார். "அந்தக் கட்டைக் கொண்டாங்க."

படிவக் கட்டை முழுவதும் அவர் கையாலேயே பிரித்தார். கையெழுத்துப் போட்டவை ஒரு பக்கம், கைநாட்டு வைத்தவை ஒரு பக்கம். கைநாட்டுப் படிவங்கள் பத்தொன்பது. ஒவ்வொன்றாக எட்டாவது கட்டத்தைப் பார்த்தார். பத்தொன்பதிலும் என் எழுத்து. பத்தொன்பதிலும் ஜெனரல். அவர் அவற்றைத் தட்டிச் சீராக அடுக்கினார். கோதண்டபாணி வகுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

"கவனக்குறைவு ஒருத்தருக்கு வரும்" என்றார் ராஜரத்தினம் சார். "பத்தொன்பது பேருக்கு வராது. நான் வர்றதுக்கு முன்னாடியும் இப்படியா?"

பழைய படிவங்களிலும் அப்படித்தான் என்றேன்.

"அப்ப அந்தச் சொல் வேண்டாம். பள்ளி ஆபீஸ் வழக்கப்படின்னு எழுதுங்க."

அப்படி எழுதினால் அது என் தவறாக இருக்காது, பள்ளியின் தவறாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஜனவரியில் வருகிறவர் எல்லாப் படிவங்களையும் கேட்பார் என்றேன். கேட்கட்டும், எல்லாம் எழுத்தில்தானே இருக்கிறது என்றார். நான் வேறு தாளில் திருத்தி எழுதினேன். கீழே தன் குறிப்பைத் தன் கையாலேயே சேர்த்தார்: இந்த வழக்கத்துக்குத் தலைமை ஆசிரியர் என்ற முறையில் நான் பொறுப்பு. கையெழுத்திட்டார். பிறகுதான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

தேசம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். "இதுல நா வெரல் வைக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார். தூக்கிவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோதண்டபாணி ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

புதன்கிழமை கடிதம் நாமினல் ரோலோடு போனது. பத்து நாள் கழித்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. அதற்குப் பதில் எழுதினோம். ஜனவரியில் இன்ஸ்பெக்டர் வந்து படிவங்களை இரண்டு மணி நேரம் பார்த்தார். தலைமை ஆசிரியருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த ஆண்டு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. எனக்கு ஓர் ஆண்டு சம்பள உயர்வு நின்றது. அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை. கஸ்தூரியின் பாடத் திருத்தத்துக்கு அனுமதி பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது.

அனுமதி வந்த அன்று மாலையே ராஜரத்தினம் சார் என்னிடம் மற்ற பதினெட்டுப் பேரைப் பற்றிக் கேட்டார். அவர்களுக்கும் இப்படி எழுத முடியுமா என்று. கோதண்டபாணியை அழைத்துவந்தேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டரை வருஷப் பாடம் சார், ஆறு வாரத்தில் அல்ஜீப்ரா எழுத்தைக்கூட அறிமுகப்படுத்த முடியாது என்றார். அந்த நாலு பேராவது என்று தலைமை ஆசிரியர் இழுத்தார். "அந்த நாலு பேரும் நல்லாப் போட்டாங்க சார், அப்போ" என்றார் கோதண்டபாணி.

அடுத்த ஜூனில் முறை மாறியது. கைநாட்டுக்காரர்களுக்குத் தனி நாள் வைத்தோம், சங்கு ஊதுவதற்கு முன்னால் ஆறரை மணிக்கே ஆபீஸ் திறந்தது. எட்டாவது கட்டத்தை நிரப்பி, படித்துக் காட்டி, அதன்பின்தான் மைப் பெட்டியைத் திறக்க வேண்டும். விளக்குவதை ராஜரத்தினம் சார் என்னிடம் விடவில்லை, முதல் ஆண்டு அவரே மேஜைக்கு முன்னால் நின்று சொன்னார். ஒன்று கஷ்டம், ஒன்று சுலபம் என்று அவர் சொல்லவில்லை. இதை எழுதினால் காலேஜில் கணக்குப் படிக்கலாம், வீட்டில் தினம் ஒரு மணி நேரம் பிள்ளையை விட்டுவிட வேண்டும். அதை எழுதினால் பாஸ் பண்ணி வேலைக்குப் போகலாம், காலேஜில் கணக்குக் கிடையாது. உங்கள் பிள்ளைக்கு எது என்றார். எல்லோரும் காம்போசிட் கேட்டுவிடவில்லை. பலர் யோசித்து ஜெனரல் என்றார்கள். சிலர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா சொல்ற?" என்று கேட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து அந்த ஆபீசில் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

பின்னாளில் நான் வேறு இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்தேன். தேர்வுப் பதிவேடுகளோடுதான் என் வாழ்க்கை போயிற்று. எவ்வளவோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன், பெயர், இனிஷியல், தேதி. அவையெல்லாம் கண்ணில் படுகிற பிழைகள். நிரம்பியிருக்கிற கட்டத்தில், சரியான எழுத்தில், சரியான மையில் இருந்த ஒரு பிழையை ஒரு முறைதான் பார்த்தேன். அதுவும் படிக்கத் தெரியாத ஒருவர் விரல் வைத்துக் காட்டியபின்.

அந்த மார்ச்சில் கஸ்தூரி காம்போசிட் தாள் எழுதினாள். தேறினாள். கணக்கில் பள்ளியிலேயே இரண்டாவது மதிப்பெண். முதல் மதிப்பெண் ஒரு ரயில்வே கார்டின் மகனுக்கு. ஜெனரல் எழுதிய அந்தப் பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் தேறினார்கள். ராஜரத்தினம் சார் கணித்ததில் தவறில்லை.

ஜூன் மாதம் கல்லூரிச் சேர்க்கைக்காக நான் எழுதிக் கொடுத்த டி.சி.க்கள் ஒன்பது. அவற்றில் கைநாட்டுப் படிவத்தில் நாலாம் பாரம் சேர்ந்தவர்களுக்கு எழுதியது ஒன்று.